பாவாயி அக்காவும் மஞ்சள் தண்ணிச் சொம்பும்

பாவாயி அக்கா போய்விட்டார். காலையில் வெண்ணந்தூரிலிருந்து போன்... ராத்திரி தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. "பாவம், பேர் சொல்ல ஒரு புள்ள இல்லாமப் போய்ட்டாளுங்க."

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பேர்தானே சொல்ல வேண்டும்? நான் சொல்கிறேன். பாவாயி. பருத்தி விதைத் தோட்டத்தில் கிராசிங் செய்யும் பெண்களுக்கு லீடர்.

தெரியாதவர்களுக்காக... ஹைபிரிட் விதை எடுக்க, பெண் செடியின் மொட்டைச் சாயங்காலமே பிரித்து, உள்ளே இருக்கும் ஆண் பாகத்தை நகத்தால் நீக்கிவிட வேண்டும். மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து அதன் மேல் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டுவார்கள். எல்லாம் கை வேலை.

நான் விதைக் கம்பெனியில் ஃபீல்ட் ஆபீசர். அக்காவோடு ஒரே தோட்டத்தில் பல சீசன் நின்றிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். கிராசிங் தொடங்கும் நாளில் சாமி கும்பிட்டுவிட்டு, பிள்ளை பெற்ற பெண்தான் முதல் பூவைத் தொட வேண்டும்.

ஒரு வருஷம் அந்த முதல் நாளில், ஆண் பூக்கள் இருந்த கூடையை அக்கா தூக்கி வந்துவிட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரருக்கு முகமே மாறிப்போனது. ஒரு சொம்பு மஞ்சள் தண்ணியை எடுத்துவந்து கூடை முழுக்கத் தெளித்தார். தோஷம் கழிக்கிறாராம்!

தண்ணீர் பட்டால் மகரந்தம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை... பேச்சு என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம்.

எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஒரு வாரத்தில், அன்றைக்குத் தடவிய பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. "மலடி கை பட்டா எப்படிக் காய் புடிக்கும்? நாளையிலிருந்து இவ இந்தத் தோட்டத்துல கால் வெக்கக் கூடாது" என்று தோட்டக்காரர் கத்தினார்.

அந்த வேலைதான் அக்காவுக்குச் சோறு. அவர் அழவில்லை, நேராக என்னிடம் வந்தார். "அம்மிணி, நீங்க படிச்சவீங்க. அன்னிக்குப் பக்கத்துலதான நின்னீங்க? என்ன ஆச்சுன்னு இவருக்குச் சொல்லுங்க."

சொன்னேன்... ஒருவழியாக. ஒவ்வொரு மகரந்தத் துகள் மேலும் மெல்லிசாக ஒரு எண்ணெய்ப் பூச்சு உண்டு, லிப்பிட் என்பார்கள். அது இருப்பதால்தான் துகள் பூவில் ஒட்டுகிறது, வேண்டிய ஈரத்தை மட்டும் அளவாக வாங்கி முளைக்கிறது. சொம்புத் தண்ணியை மொத்தமாகத் தெளித்தால் அந்தப் பூச்சு தாங்காது, துகள் வெடித்துவிடும்.

தோட்டக்காரர் சிரித்தார். "எண்ணையாமா எண்ணை! பூவுக்குள்ள ஆரு செக்கு ஆட்டுனா?"

அக்கா ஒரு ஆண் பூவைப் பறித்து, தன் கட்டைவிரல் நகத்தில் தேய்த்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "தொட்டுப் பாருங்க. பிசுபிசுங்குதா இல்லீங்களா?"

அதோடு விடவில்லை. "ரெண்டு வரிசை உட்டுக் குடுங்க. ஒண்ணுல நானு. இன்னொண்ணுல உங்க மருமவ, உங்க மஞ்சத் தண்ணியோட. என்னுது உதுந்தா நானே ஊட்டுக்குப் போறேனுங்க."

பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் மறுக்க முடியவில்லை.

பத்து நாள். அக்காவின் வரிசையில் நூல் கட்டிய இடமெல்லாம் பிஞ்சு. மருமகளின் வரிசையில் பூவும் நூலும் தரையில் கிடந்தன.

இரண்டு பிள்ளை பெற்ற அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். அக்கா இளக்காரமாக ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

அவள் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நீ எதுக்கு சாமி தலையக் குனியற? தப்பு உம்மேல இல்ல. அந்தச் சொம்பு மேல."

மன்னிப்பா? யாரும் கேட்கவில்லை. மறுநாள் அக்காவே கூடையைத் தூக்கினார், தோட்டக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நாளை மறுநாள் அதே தோட்டத்தில் கிராசிங் ஆரம்பம். முதல் பூவை யார் தொடுவது என்று இன்றைக்கே போனில் கேட்கிறார்கள்.

நான்தான் என்று சொல்லிவிட்டேன். எனக்கு இன்னும் குழந்தை இல்லை. பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசட்டும், வேண்டுமானால் இங்கே கமெண்ட்டிலேயே வந்து பேசட்டும்.

போய் வாங்க பாவாயி அக்கா. இந்தத் தடவை சொம்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.