கை காட்டினால் பறக்கிறவர்கள்

வாகனச் சோதனை என்பது வெயிலில் நின்று யாரோ ஒருவர் நிற்பாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பஸ்ஸுக்குக் கை காட்டி ஏமாந்தவர்களுக்குப் போலீஸ்காரியான என் பிழைப்பு புரியும்.

எல்லாம் இருந்தும்

பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒருநாள் காலை. முப்பது வயது இருக்கும், பைக்கில் வந்தவர் எங்களைக் கண்டதும் வண்டியைத் திருப்பினார். திருப்பிய வேகத்தில் நேராகத் தக்காளித் தோட்டத்துக்குள் போய் விழுந்தார். நான் ஓடிப்போவதற்குள் தோட்டக்கார அம்மா சட்டையைப் பிடித்துவிட்டார். சோதித்தால் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாமே சரியாக இருந்தன. "அப்புறம் எதுக்குய்யா ஓடினே?" என்றேன்.

"ரெண்டு வருசமா லைசென்ஸ் இல்லாம ஓடிட்டே இருந்தனுங்க மேடம். போன வாரம் வாங்கிட்டேங்கறது மறந்து போச்சுங்க."

ரெண்டு செகண்டு

எல்லா ஓட்டமும் சிரிப்பில் முடிவதில்லை. அதியமான்கோட்டையில் என்னோடு நின்ற கான்ஸ்டபிள் சரவணன், ஒரு வெள்ளைக் காருக்குக் கை காட்டினார். அது வேகத்தைக் கூட்டியது. பக்கவாட்டுக் கண்ணாடி கையில் அடித்ததில், அவர் ஜல்லியில் உருண்டார். நான் அவரைத் தூக்க ஓடினேன். அவரோ படுத்தபடியே, "நம்பரை எழுதிக்கங்கக்கா, வலியில மறந்துடும் போலருக்கு" என்றார்.

அந்த நம்பரால் சாயங்காலமே காரைப் பிடித்தோம். ஓட்டி வந்தவர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. அதற்குப் பயந்துதான் நிற்காமல் போனாராம். அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டியது, கேஸாகிவிட்டது. மாவுக்கட்டோடு வந்த சரவணன் சத்தம்கூடப் போடாமல் அவரிடம் கேட்டார்:

"பெல்ட்டு மாட்ட ரெண்டு செகண்டு ஆயிருக்குங்களா சார்?"

நின்றவர்

நிற்காமல் ஓடினால் இனிமேல் ஜெயில்தான், சட்டத்தைக் கடுமையாக்கப் போகிறார்கள் என்று இப்போது பேச்சு. சரவணன் தேறி வேலைக்கு வந்த பிறகு, தீர்த்தமலை போகிற ரோட்டில் இருந்தோம். பக்தர்களை ஏற்றி வந்த வேன் டிரைவர், நான் கை தூக்குவதற்கு முன்பே ஓரங்கட்டி, பேப்பர்களோடு இறங்கி வந்தார். சந்தோஷத்தில் அவரிடம் அந்த ஜெயில் செய்தியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓடறவனுக்குத் தண்டனைய எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க மேடம். நின்னவன மட்டும் சீக்கிரமா அனுப்பி வுட்டுருங்க, இல்லீன்னா அவனும் ஓடக் கத்துக்குவான்."

இத்தனை வருடத்தில் கை காட்டியதும் நின்றவர்கள்தான் அதிகம், ஆனால் வீட்டில் போய்ச் சொல்லக் கதை கொடுத்தவர்கள் என்னவோ ஓடியவர்கள்தான்.