ஒரு கேலன் பெட்ரோல்

எதிர்வீட்டு வெர்லின் ஸ்டிடமின் காரைப் பார்க்க ஆள் வந்தால், அவர் வாசல்படியில் நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுவார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். ஓடிப் போய், வந்தவனுடைய முகத்தையும் அவன் வண்டியின் நம்பரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கே போலீஸ் வந்து கேட்டால் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமாம். இந்த வேலைக்கு எனக்குக் கூலி ஒரு குளிர்ந்த கோலா.

வெர்லினைப் பற்றி எங்கள் இப்ஸிலான்டி ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. தன் நிழல் பின்னால் வந்தாலும் 'யாருடா நீ' என்று திரும்பிக் கேட்கிற மனுஷன். சர்ச்சில் காணிக்கைத் தட்டில் காசைப் போட்டால், தட்டு பலிபீடத்துக்குப் போய்ச் சேரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். அவர் மனைவி இமோஜீன் சொல்லுவாள், தன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் தன் ஊரில் மூன்று வீடுகளில் விசாரித்துவிட்டுத்தான் மோதிரம் வாங்கினார் என்று. மூன்றாவது வீட்டில் கொஞ்சம் குறைவாகப் புகழ்ந்தார்களாம், அதனால்தான் நம்பினாராம்.

அதற்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பது வயதில் கென்டக்கி மலையிலிருந்து இங்கே ஆலை வேலைக்கு வந்தவர், முதல் சம்பளங்களைச் சேர்த்து ஒரு பழைய கார் வாங்கினார். விற்றவன் முன்கண்ணாடிக்குக் கீழே பைபிளை வைத்திருந்தான். வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. ஊர் எல்லையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மரத்தூள். தேய்ந்த பற்கள் போடுகிற சத்தத்தை அமுக்குவதற்காக அள்ளிக் கொட்டியிருக்கிறான் அந்தப் பக்திமான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பையே தொழிலாக எடுத்துக்கொண்டது. கியர் செய்கிற ஆலையில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அவர் விற்க வைத்திருந்தது அறுபத்தெட்டாம் வருஷத்துப் போன்டியாக் ஜி.டி.ஓ. கரும்பச்சை நிறம், மடக்கித் திறக்கிற வெள்ளைத் துணிக்கூரை. யாரோ ஒரு விவசாயியின் கொட்டகைக்குப் பின்னால், சீட்டில் எலி குட்டி போட்டுக் கிடந்த வண்டியை இழுத்துவந்து, பல குளிர்காலங்கள் உட்கார்ந்து உயிர் கொடுத்தார். அந்தச் சுத்தியல் சத்தத்தில் தூக்கம் கெட்டவள் நான், அதனால் உறுதியாகச் சொல்லுவேன்: அந்த வண்டியில் ஒளித்து வைத்தது எதுவும் கிடையாது. தகரம் அரித்த இடத்தில் எல்லோரும் பூச்சு மாவை அப்பிப் பெயின்ட் அடிப்பார்கள். அவர் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் பற்றவைத்தார். 'என்னை ஒருத்தன் அந்த பைபிள்காரன் மாதிரி நினைச்சுடக் கூடாது' என்பார்.

அவருக்கு இடது முழங்கால் போய்விட்டது. கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. கென்டக்கியில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாயிற்று, அங்கே காருக்கு இடமில்லை. 'இந்தக் கோடைக்குள்ள அது போகணும். இல்லேன்னா நான் மட்டும் போறேன், நீங்க அதைக் கட்டிக்கிட்டு அழுங்க' என்று சொல்லிவிட்டு இமோஜீன் முன்கூட்டியே மகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் தையல் மிஷினையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

கோடை பாதி கழிந்துவிட்டது. வந்தவர்களை எல்லாம் வெர்லின் விரட்டிவிட்டார். ஒருவன் கேட்ட விலைக்குச் சரி என்றான். 'விலை பேசாதவன் பணம் குடுக்கப் போறதில்ல' என்று அனுப்பினார். அடுத்தவன் விலை பேசினான், அவன் அற்பன். ஒருவன் கைக்குட்டையில் காந்தத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பூச்சு மாவு இருக்கிறதா என்று வண்டி முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தான். இவன்தான் ஆள் என்று வெர்லின் குளிர்ந்துபோனார். போகிற போக்கில் அவன் 'வீட்ல தனியாவா இருக்கீங்க' என்று கேட்டுத் தொலைத்தான். அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்க்கக் கேட்கிறவர்களுக்கு அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். டாங்கியைக் குழாய் போட்டு உறிஞ்சிக் காலி செய்துவிட்டு, அளந்து ஒரே ஒரு கேலன், நாலு லிட்டர்கூட இல்லை, ஊற்றுவார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அவர் பிறப்பதற்கு முன்பே அவருக்காகச் சொல்லி வைத்தது. ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்ப அது தாராளம், திருடிக்கொண்டு போக ஆகாது. முள் காலியைக் காட்டினால் சந்தேகம் வருமே என்று டாங்கியிலிருந்து வருகிற கம்பியைக் கழற்றிவிட்டிருந்தார். அப்படிச் செய்தால் முள் எப்போதும் நிறைந்திருப்பதாகக் காட்டும். இது எனக்கும் இமோஜீனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை வந்தவன் பெயர் டுவேன் லபோ. மன்ரோ ஊர்க்காரன், வீடுகளுக்கு ஹீட்டர் பழுது பார்க்கிறவன். துருப்பிடித்த பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி, மறுபக்கம் போய்த் தன் அம்மாவைக் கைபிடித்து இறக்கினான். ஆர்லீன் என்று பெயர், எண்பதை ஒட்டிய வயது. மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புல்வெளி நாற்காலியில் உட்கார்ந்தாள். டுவேன் காந்தம் கொண்டுவரவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தான், குனிந்து அடியில் பார்த்தான், பேசாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பே வெர்லினுக்குப் பிடிக்கவில்லை.

ஓட்டிப் பார்க்க என்ன ஈடு வைப்பாய் என்று கேட்டார். பிக்கப் சாவியை நீட்டினான். வெர்லின் அந்தத் துருவைப் பார்த்தார்.

"இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"அப்ப எங்கம்மாவை வெச்சுக்கோங்க. அதைவிட ஒசத்தியா எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றான் டுவேன்.

நான் சிரித்தேன். அம்மாக்காரி அரைச் சிரிப்பு சிரித்தாள். வெர்லின் சிரிக்கவே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று சாவியைக் கொடுத்தார். ஆர்லீன் வண்டிவரை போய், கதவோரம் உள்ளே எட்டிப் பார்த்து, மகனை அனுப்பிவிட்டு மறுபடி நாற்காலிக்கு வந்தாள்.

கார் திருப்பத்தில் மறைந்ததும் என்னை கராஜ் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "டோரீன், அது நிஜமாவே அவன் அம்மாவா? மூக்கைப் பாரு. ரெண்டும் ஒட்டவே இல்ல."

"அப்பன் மூக்கா இருக்கும். சும்மா இருங்க."

"இப்பல்லாம் கிழவிங்களை வாடகைக்குக் கூட்டிட்டு வந்தாலும் வருவானுங்க. எங்க போயிடுவான், ஒரு கேலன்ல?"

அரைமணி போனது. பாலம்வரை போய்வர அதில் பாதி போதும். வெர்லின் கவலைப்படவில்லை. கம்பி வேலிக்குள் விட்ட கோழிபோல அவன் எங்கும் போய்விட முடியாது என்ற நிம்மதியில் கோலா குடித்துக்கொண்டிருந்தார். ஆர்லீன்தான் பாலம் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். மூன்று மைல் என்றேன். சிறிது நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டாள். பிறகு பையைத் திறந்து மாத்திரைக் குப்பிகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்தாள்.

"கார் பார்க்கப் போறதுக்கு மாத்திரை எல்லாத்தையும் எதுக்கு எடுத்துவெச்சான்? மத்தியான வேளைக்கு மட்டும் போதாதா?" என்றாள்.

மத்தியான மாத்திரை எது என்று குழம்பி மொத்தமாகப் போட்டிருப்பான், ஆண்பிள்ளைகள் அப்படித்தான் என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"எங்கம்மாவை நான் இப்படித்தான் கூட்டிட்டுப் போனேன். சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்மான்னு சொல்லித்தான். முதியோர் இல்லத்து வாசல்ல ஒரு நாற்காலியில உக்கார வெச்சேன். வண்டியை நிறுத்திட்டு வரேன்னு சொன்னேன்." குப்பிகளை மறுபடி பைக்குள் போட்டாள். "திரும்பிப் போகவே இல்ல. எனக்குத் தைரியம் வரல."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று வாய்க்கு வந்த பழமொழியை நான் விழுங்கிக்கொண்டேன். அவள் அழுதது சத்தமில்லாத அழுகை. கன்னத்தைத் துடைக்கக்கூட இல்லை. எனக்கு வெர்லின்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற வேதனை. ஆனால் அது வெளியே வந்தால் விற்பனை போய்விடும், விற்பனை போனால் இமோஜீனும் போய்விடுவாள். அவர் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையசைத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, உங்க பையன் எங்கயும் போகல. வண்டியில ஒரே ஒரு கேலன்தான் ஊத்தினேன். வழியில நின்னிருக்கும்."

ஆர்லீன் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நல்ல மனசு உங்களுக்கு. ஆனா எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். போறப்ப முள்ளைப் பார்த்தேன், நிறைய இருந்துச்சு."

பிறந்ததிலிருந்து வெர்லினை நல்ல மனசுக்காரர் என்று சந்தேகப்பட்டது அவள் ஒருத்திதான். அவர் திணறிப்போய், கராஜுக்கு நொண்டிக்கொண்டு போய் உறிஞ்சுகுழாயையும் டப்பாவையும் கொண்டுவந்து காட்டினார். கம்பியைக் கழற்றிய கதையைச் சொன்னார். "குழாய் எல்லார் வீட்லயும் இருக்கும்," என்றாள் அவள். என் காரில் போய்த் தேடிப் பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"வேண்டாம். போய்ப் பார்த்து அவன் அங்க இல்லேன்னா?"

மூன்று பேரும் தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வெர்லின் என் பக்கம் குனிந்து, மெதுவாக, "மரத்தூள், டோரீன்," என்றார். "நானும் அதைத்தான் பண்ணிருக்கேன்."

டுவேன் நடந்து வந்தான். பாதி ஓட்டம், பாதி நடை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு காகிதக் கோப்பை, அதிலிருந்து முழங்கைவரை ஏதோ வழிந்திருந்தது.

"உனக்குப் பிடிச்ச பீக்கன் பருப்பு போட்ட ஐஸ்கிரீம்மா. பாலத்தைத் தாண்டி ரெண்டு மைல்ல கடை இருந்துச்சு. திரும்பி வரப்ப வண்டி நின்னுபோச்சு. மாத்திரை நேரமாச்சேன்னு அப்படியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்." வெர்லினிடம் திரும்பினான். "மன்னிக்கணும் பெரியவரே. கூரையை மூடக்கூட இல்ல. சாவியும் அதுலயே இருக்கு."

சாவியோடு, திறந்த வண்டி, நடுச்சாலையில். வெர்லினுக்கு அங்கேயே நெஞ்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை.

டுவேன் அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பார்த்தான். "பயந்துட்டியாம்மா?"

"எதுக்குப் பயம்? பேசிக்கிட்டிருந்தோம்," என்றாள் ஆர்லீன். அவசரமாக மேலும் சொன்னாள். "பழைய வண்டிடா. முள்ளு சரியா காட்டாது."

அவள் வெர்லினைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் இருக்கவில்லை.

"வண்டிமேல பழி போடாதீங்க. கம்பியைக் கழட்டி விட்டது நான். ஒரு கேலன் ஊத்தினதும் நான்."

டுவேன் எழுந்தான். "அப்ப என்னைத் திருடன்னு நினைச்சீங்க."

"எல்லாரையும்தான் நினைப்பேன்."

"எங்கம்மாவையில்ல விட்டுட்டுப் போனேன்? அம்மாவை ஒருத்தர் வீட்டுல உக்கார வெச்சுட்டு எவனாவது ஓடிப்போவானா?"

வெர்லின் பெட்ரோல் டப்பாவின் மூடியை இறுக்கினார். ஆர்லீன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, உருகியதை ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். "நல்லாருக்கு," என்றாள். நானும் என் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

"நீ கேக்கறது நியாயம். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றார் வெர்லின் கடைசியில்.

அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டதும் என் காரில் நான்கு பேரும் பெட்ரோல் டப்பாக்களோடு போனோம். வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. சாவி தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. உலகம் இவ்வளவு யோக்கியமாக இருப்பதை வெர்லினால் சீரணிக்க முடியவில்லை, சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்து, கம்பியைச் சேர்த்து மாட்டினார். கொண்டுவந்ததைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். வாங்குகிறாயா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தப்பு பண்ணினால் தானாகவே வந்து சொல்லிவிடுகிற ஆளிடம் வண்டி வாங்கலாம் என்று டுவேன் முடிவு செய்திருந்தான். நடந்த கூலி என்று கொஞ்சம் குறைத்துக் கேட்டான், காசோலை எழுதினான். காசோலையைக் கண்டாலே முறைக்கிற மனுஷன் அதைப் படிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, எப்போதும் கூடவே வைத்திருக்கிற காரின் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிக்கப்பை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான் டுவேன். அதற்கு ஈடு எதுவும் பேசவில்லை.

ஆர்லீன் முன்சீட்டில் ஏறினாள். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டாள். டுவேன் ஸ்டியரிங்கைப் பிடித்ததும், அவனுடைய வலது கைச் சட்டையை அவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கையை விடு. கியர் மாத்தணும்."

அவள் பிடியைக் கொஞ்சம் மேலே மாற்றிக்கொண்டாள், விடவில்லை. டுவேன் எதுவும் புரியாமல் சிரித்தான். வெர்லின் கதவின் மேல் கையை ஊன்றிக் குனிந்தார்.

"இருக்கட்டும் விடுப்பா. இந்த எஞ்சினுக்கு இழுவை ஜாஸ்தி. மூணுல போட்டுட்டா வீடு வரைக்கும் மாத்தவே வேண்டாம்."

அந்த வண்டியின் கியரை ஒருவன் அரை நொடி தாமதமாக மாற்றினாலே காதைப் பொத்திக்கொள்கிறவர் அவர். வண்டி மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே பாலத்தின் மேல் ஏறிப் போனது. வெர்லின் அது மறையும்வரை நின்று கேட்டுவிட்டு, என் காரில் வந்து உட்கார்ந்தார்.