நாடாவில் விடுபட்ட ஆண்டு

போன கிழமை இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். தாதிப்பெண் பஞ்சை ஸ்பிரிற்றில் நனைத்து முழங்கை மடிப்பைத் துடைத்தாள். ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பியிருந்த நான், அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஊசியையே மறந்துவிட்டேன்.

"ஏன் ஐயா சிரிக்கிறியள்?" என்று கேட்டாள்.

ஒரு தேக்கரண்டி ஸ்பிரிற்றுக்காக யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஐந்து மருந்துக்கடை ஏறி இறங்கியவன் நான் என்று சொன்னால் நம்புவாளா? காயத்துக்கு என்றிருந்தால் எவராவது தந்திருப்பார்கள். கம்பியூட்டருக்கு என்று உண்மையைச் சொன்னதுதான் பிழை. ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

போரால் குடாநாட்டில் கரண்ட் நின்று, மருந்துக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்பியூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று கம்பியூட்டர்கள் இருந்தன, ஓட்டத்தான் கரண்ட் இல்லை. பிள்ளைகள் மட்டையில் கீறிய விசைப்பலகையில் விரல் பழகினார்கள். எனக்கு 'மாஸ்டர்' என்று பெயர். கம்பியூட்டரைப் போடாமலே கம்பியூட்டர் படிப்பித்த மாஸ்டர் உலகத்தில் வேறு ஆராவது இருந்தால் சொல்லுங்கள், கைகுலுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் மட்டும் ஜெனறேற்றர் ஓடும். நாலு துளி பெற்றோலில் இருமத் தொடங்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். சட்டை எல்லாம் அந்தப் புகை மணம். தோய்த்தாலும் போகாது.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை றெஜினா அக்கா படியேறி வந்தார். கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் கோயில் அலுவலகத்தை நடத்தியவர். பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை, ஆண்டுக்கு ஒரு கோப்பாக, இரண்டு வருசம் இருந்து கம்பியூட்டரில் அடித்தவர். அவருக்குப் பின்னால் ஒரு மீனவர், தோளில் சாக்கு மூட்டையோடு. மூட்டைக்குள் கோயில் கம்பியூட்டர் நசுங்கிப்போய்க் கிடந்தது.

"ஷெல் விழுந்து கோயில் கூரை போயிட்டுது தம்பி. மழையிலை ஏடெல்லாம் ஊறி நீலக் களியாப் போச்சு. இது மட்டும் என்னட்டைக் கிடந்தது."

பொலித்தீன் சொப்பின் பைக்குள் சுற்றி, பால்மா ரின்னில் போட்டு வீட்டில் வைத்திருந்த காந்த நாடா. சீட்டுக்கட்டு அளவான ஒரு கசற். கம்பியூட்டரில் உள்ளதை எல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் அந்த நாடாவில் பிரதி எடுக்கும்படி அவருக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். பிரதி எடுத்து முடிந்ததும் மென்பொருள், 'சரிபார்க்கவா?' என்று கேட்கும். "உது சும்மா நேரம் மினக்கெடுத்திற வேலை அக்கா, வேண்டாமெண்டு அமத்துங்கோ" என்று சொன்ன மேதாவியும் நான்தான். அதை நினைத்தபடி பெட்டியைச் சாக்கிலிருந்து இறக்கினேன்.

மூட்டை சுமந்து வந்தவர் பெயர் சூசை. முப்பது வயது இருக்கும். வள்ளம் கவிழ்ந்ததில் அவருடைய அடையாள அட்டை கடலோடு போயிருந்தது. வீட்டில் பிறந்தவர், பிறப்பைப் பதியவில்லை. அவர் இன்னார் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி கோயில் ஏடு. மகளுக்குக் கொழும்பில் கண் ஒப்பரேசன். அட்டை இல்லாமல் வவுனியா ஆமிச் சோதனைச்சாவடியைத் தாண்டேலாது.

"மாஸ்டர், அறுபத்தோராம் ஆண்டிலை பாருங்கோ. சூசைப்பிள்ளை எண்டு இருக்கும்" என்றார், ஏதோ அகராதியைப் புரட்டுவதுபோல.

நசுங்கிய பெட்டிக்குள் நாடாவை வாசிக்கும் கருவி தப்பியிருந்தது. கழற்றி எங்கள் கம்பியூட்டரில், இரண்டாவது பிளொப்பி இருந்த இடத்தில் பூட்டினேன். மென்பொருள், அப்படியொரு கருவியே இல்லை என்றது. வயரைத் திருப்பிக் கொழுவினேன். கருவி இருக்கிறது, ஆனால் நாடா வெறுமை என்றது. றெஜினா அக்கா எழும்பி நின்றுவிட்டார்.

"வெறுமையோ? ரெண்டு வருசம் நான் அடிச்சது எங்கை போகும்?"

நாடாவைக் கடைசி வரைக்கும் ஓடவிட்டுத் திரும்பச் சுற்றினேன், தளர்ந்திருந்தால் இறுகட்டும் என்று. வாசிக்கும் முனையில் உப்பும் ஊத்தையும் அப்பியிருந்தன. அப்போதுதான் ஸ்பிரிற் தேடிக் கடை கடையாய் அலைந்தேன். துடைத்த பிறகும் அதே பதில்தான். அந்தச் சனி போயிற்று, அடுத்த சனியும் போயிற்று. மண்ணெண்ணெயை சூசை அண்ணை போத்தலில் கொண்டுவந்தார், எங்கே எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. விடுவதில்லை என்று மூவரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. ஆனால் ஒருவரும் விடவில்லை.

மூன்றாவது சனிதான் மூளை வேலை செய்தது. கோயில் கம்பியூட்டர் பழையது, ஆறுதலாக ஓடுவது. எங்களுடையது புதிது, ஓட்டக்காரன். அவசரக்காரன் கதைப்பது அந்த மென்பொருளுக்கு விளங்கவில்லையோ? பெட்டியின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் உண்டு. வேகமாக ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகக் காட்ட மட்டுமே அதுவரை உதவியது. அதை அமத்தி வேகத்தைக் குறைத்தேன். நாடா 'விர்' என்று ஓடி, நின்று, திரும்பி ஓடியது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. றெஜினா அக்கா சிலுவை அடையாளம் போட்டார்.

ஆண்டு ஆண்டாக வந்தது. அறுபது வந்தது. அறுபத்தொன்றில் நின்றது.

'மறுபடி முயலவா, தாண்டவா, நிறுத்தவா?'

"உது என்ன கேக்குது?" என்றார் சூசை அண்ணை.

சொன்னேன்.

"தாண்டாதை தம்பி. ஒரு பிள்ளையையும் தாண்டேலாது" என்றார் அக்கா.

மறுபடி, மறுபடி. முனையைத் துடைத்து மறுபடி. ஜெனறேற்றர் தொண்டை கட்டி இருமத் தொடங்கியது. மண்ணெண்ணெய் முடிகிறது. இன்னும் நின்றால் மிச்ச ஆண்டுகளும் வராது. "அக்கா, பிழை என்ரை. சரிபார்க்க வேண்டாமெண்டு சொன்னது நான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "அப்ப தாண்டு" என்றார். தாண்டினேன். மற்ற எல்லா ஆண்டுகளும் வந்து சேர்ந்த பிறகுதான் ஜெனறேற்றர் நின்றது.

அந்த அமைதியில் என்னால் சூசை அண்ணையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் என்னடாவென்றால் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு அந்தரப்படுறியள்? அந்த வருசத்துப் பொடியள்தானே? சின்னனிலை கோயிலிலை முதல் நன்மை அப்பம் எடுக்கேக்கை எல்லாரும் ஒரே வரிசையிலை நிண்டனாங்கள். எனக்கு வலப்பக்கம் பீற்றர். அவனுக்கங்காலை திரேசா. ஒவ்வொருத்தராச் சொல்லுறன், எழுதுங்கோ அக்கா."

அக்கா எழுதினார். அடுத்த நாள் ஞாயிறு பூசை முடிய மூவரும் கொப்பியோடு இறங்கினோம். அந்தப் பங்கே மூன்று குறுகலான தெரு ஒழுங்கைகள்தான். பீற்றர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். திரேசாவின் தாய், தன் மகளின் ஞானத்தாய் ஆர் என்பதோடு அன்றைக்குப் பெய்த மழையையும் சேர்த்துச் சொன்னார். ஒருவர் மறந்ததை மதிலுக்கு அங்கால் இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். சூசை அண்ணையின் ஞானத்தாய் காது கேளாமல் கட்டிலில் கிடந்தார். பெயரை உரக்கச் சொன்னதும், "அவன் தலையிலை தண்ணி ஊத்தேக்கை சுவாமியாருக்கு உதைச்சவன்" என்றார். இரண்டிரண்டு சாட்சிகளோடு பங்குச் சுவாமியார் ஒவ்வொரு பதிவிலும் ஒப்பமிட்டார். நாலு கிழமைக்குள் அந்த ஆண்டு திரும்பவும் முழுசாக இருந்தது. சூசை அண்ணைக்கு அட்டை கிடைத்தது. மகளின் ஒரு கண்ணுக்குப் பார்வை வந்தது. மற்றதற்குப் பிந்திவிட்டது.

அதற்குப் பிறகு நான் எதையும் சரிபார்க்காமல் விட்டதில்லை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன், வீட்டில் பகிடி பண்ணுவார்கள்.

தொண்ணூற்றைந்தில், ஆமி வருகிறதென்று பட்டினமே எழும்பி நடந்தது. வகுப்பு நடந்த மாடி இல்லை. றெஜினா அக்கா மன்னார்ப் பக்கம் போய் அங்கேயே மண்ணுக்குள் அடங்கினார். பீற்றர் நோர்வேயில், திரேசா எங்கேயென்று தெரியாது. சூசை அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒழுங்கைகள் மட்டும் அதே வளைவோடு கிடக்கின்றன, புது மதில்களும் பூட்டிய கேற்றுகளுமாக. போன வருசம் அந்த வழியால் நடந்தேன். முதல் நன்மை வரிசையில் சூசைக்கு வலப்பக்கம் நின்றது ஆர் என்று கேட்டால் சொல்ல, அந்தக் கரையில் இப்போது ஒருவரும் இல்லை.