டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும்போது

பாட்டின் நடுவில் கிட்டார்காரரும் நானும் வாசிப்பதை நிறுத்தியதும், அண்ணன் உட்கார்ந்தபடியே தன் ஸ்டூலைக் கையால் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொள்வார். பலகை மேடையில் அது கரகரவென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். இனிமேல் கிட்டார் கிடையாது, பேஸ் கிடையாது, பாட்டும் கிடையாது. டிரம்ஸ் மட்டும்தான். ஒரு மனிதர் அத்தனை பேர் முன்னால் தனியாக மாட்டிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். அவருக்கோ அதுதான் பண்டிகை.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. தஞ்சாவூரில் எங்களுக்கு அடுத்த தெரு. குறுவைக்கும் சம்பாவுக்கும் அறுவடை மிஷின் ஓட்டுவார். மற்ற மாதங்களில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிப்பார். அதே ஆர்கெஸ்ட்ராவில்தான் நானும் பேஸ் கிட்டார் வாசித்தேன். பகலில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. போர்செட்டு மோட்டார் புகைந்துபோனால் என்னிடம் தூக்கி வருவார்கள். எங்களோடு மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் கிட்டார் தம்பி. சீர்காழிக்காரர், இங்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். ராக், மெட்டல் என்று காது கிழியும் பாட்டுகளை எங்களுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரத்தநாடு ரோட்டில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லின் கோடவுனில் பிராக்டிஸ். ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் உத்தரத்தில் ஒட்டியிருந்த பழைய உமி எங்கள் தலையில் கொட்டும்.

அந்தக் கோடவுனில் ஓயாமல் நடந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். இந்த மாதிரிப் பாட்டுக்கு நடுவில் டிரம்ஸ் தனியாக வாசிப்பது தேவையா? பேஸ் தனியாக வாசிப்பது தேவையா? கிட்டார் தம்பி வேண்டாம் என்பார். "பாட்டுக்கு என்ன வேணுமோ அத வாசிக்கணும்ணே. நடுவுல நிறுத்திட்டு வித்த காட்டுறதெல்லாம் பழைய காலம். ஜனங்க போன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிடுறாங்க."

"ஓஹோ. நீ மட்டும் பாட்டுக்குப் பாட்டு தனியா நின்னு கம்பியக் கிழிக்கிறியே, அது என்னவாம்?"

"அது பாட்டுல ஒரு பகுதிண்ணே."

"அப்ப நான் என்ன, பந்தல்காரனா?"

பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

என் கட்சி கிட்டார் தம்பியின் கட்சிதான். ஆனால் காரணம் வேறு. ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்திப் பாடம் படிக்கச் சொன்னபோது ஒரு எழுத்தும் வாயில் வராமல் நின்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குப் பயந்து மறுவாரமே பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்புறம் போகவே இல்லை. பேஸ் கிட்டாரை நான் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். எல்லாரும் வாசிக்கும்போது அடியில் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு முறை, திருவாரூர்ப் பக்கம் ஒரு மேடையில், அண்ணன் வற்புறுத்தலுக்காகத் தனியாக வாசித்தேன். மற்ற வாத்தியம் எல்லாம் நின்றதும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஏம்ப்பா, ஸ்பீக்கர் புட்டுக்கிச்சா?" என்று சவுண்டு செட்டுக்காரரைக் கேட்டார். கூட்டம் சிரித்த சிரிப்பு வாரக்கணக்கில் என் காதில் இருந்தது. அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

எங்கள் ஊர்ப் பக்கம் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தனி ஆவர்த்தனம் புதிது இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கத்தை மட்டும் வாசிக்கவிடுவார்கள். பாதிப் பேர் அப்போதுதான் காபி குடிக்க எழுந்து போவார்கள். மீதிப் பேர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உயிரை விட்டுக் கேட்பார்கள். முடிவு வந்துவிட்டது என்று தெரிவிக்க மிருதங்கக்காரர் ஒரே கோர்வையை மூன்று முறை வாசிப்பார். மூன்றாவது முடியும் இடத்தில் பாடகர் பாட்டை எடுத்துவிடுவார். அண்ணன் அந்த வழக்கத்தை அப்படியே எங்கள் மெட்டலுக்குள் கொண்டுவந்துவிட்டார். மற்ற பேண்டுகளில் தலையை ஆட்டிச் சொல்வார்களோ என்னவோ, எங்களுக்கு மூன்றுதான் கணக்கு. ஒரே உருட்டல் மூன்று முறை வரும். மூன்றாவதன் கடைசியில் வலது கையால் பெரிய சிம்பலில் ஓங்கி ஒரு அடி. அந்த அடியில் நாங்கள் இருவரும் உள்ளே விழ வேண்டும்.

கிட்டார் தம்பியின் காலேஜ் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்த சமயம். அதற்கு முந்தைய வாரம் அண்ணி என் கடைக்கு வந்தார். அண்ணி அங்கன்வாடியில் வேலை செய்பவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காயில் சுற்றிக்கொண்டிருந்த என் எதிரில் நின்று, "தம்பி, அவருக்கு அடிக்கடி தலை சுத்துதுங்க. பிரஷர் மாத்திரைய ஒரு நாள் போட்டா ரெண்டு நாள் போடுறதில்ல. பாட்டோட பாட்டா வாசிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. அப்படித் தனியா வாசிக்கும்போதுதான் கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்குது. அது மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு" என்றார்.

சாயங்காலமே போய்ச் சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு எதுக்குத்தான்டா பயமில்ல? மேட்டூர்ல தண்ணி தொறக்கலன்னாலும் பயம், தொறந்தாலும் ஒடப்பெடுக்குமோன்னு பயம். போ, சின்னதா வாசிக்கிறேன், போதுமா?" சின்னதாக என்று ஒப்புக்கொண்டதே பெரிது என்று அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினார். அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

விழாவன்று வெயில் தாழ்ந்ததும் மேடையேறினோம். முன்னால் மாணவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள், நாற்காலியில் பெரியவர்கள் சிலர். பாட்டின் நடுவில் நாங்கள் நிறுத்தினோம். நாங்கள் நிறுத்தினோம். வழக்கப்படி பாதிக் கூட்டம் பஜ்ஜிக் கடையைப் பார்த்து நகர்ந்தது. அண்ணன் கவலைப்படவில்லை. சின்னதாக என்று சொன்னவர் பெரிதாகவே வாசித்தார். இருபுறமும் கை பறந்தது. எனக்கு அவர் கழுத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. போதும் அண்ணே, முடிங்க அண்ணே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் வேண்டியது பலித்ததுபோல முடிவுக்கான உருட்டல் வந்தது. ஒன்று. விரலைக் கம்பியில் வைத்தேன். இரண்டு. கிட்டார் தம்பி கையை ஓங்கினார். மூன்று. சிம்பல் விழவில்லை.

நாங்கள் இருவரும் அந்தரத்தில் நின்றோம். அண்ணன் அதே உருட்டலை நான்காவது முறையாகத் தொடங்கினார்.

கூட்டம் கொண்டாடிவிட்டது. மூன்றில் முடியும் என்று காத்திருந்த ஊர் அல்லவா? நான்காவது வந்ததும் தங்களை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தார்கள். "ஏமாத்திட்டான்யா! விடாத, விடாத!" என்று நாற்காலிப் பெரியவர் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினார். பஜ்ஜிக் கடைக்குப் போனவர்கள் ஓடிவந்தார்கள். நான் அண்ணனை நோக்கி ஓரடி வைத்தேன். கிட்டார் தம்பி கையைக் காட்டித் தடுத்தார். "இருங்கண்ணே, இன்னொரு ரவுண்டு போறாரு. சூப்பரா போகுது!"

ஐந்தாவதும் வந்தது. அதிலும் சிம்பல் இல்லை. ஜனங்கள் சேர்ந்து கை தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் போய்க்கொண்டே இருந்தார். இடது கை மட்டும்தான் வாசித்தது. வலது கையிலிருந்த குச்சி தொடையின் மேல் கிடந்தது. முகத்தில் ஒரு பாதி சிரித்தது. இன்னொரு பாதி சிரிக்கவில்லை. வாசல் தெரியாத வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருபவர்போல அதே உருட்டலில் அவர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். ஜனங்கள் கை தட்டத் தட்ட அவர் நிறுத்த மாட்டார் என்று எனக்கு விளங்கியது.

கம்பியை ஓங்கி அடித்தேன். பாட்டின் கடைசி வரியை நானாகவே எடுத்தேன். கிட்டார் தம்பி முறைத்தாலும் பின்னால் வந்துவிட்டார். ஏதோ ஒரு மாதிரி பாட்டு முடிந்தது. கைத்தட்டல் அடங்கும் முன்பே பேஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அது விழுந்த அதிர்வு ஸ்பீக்கரில் இடிபோலக் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அது வார்த்தையாக இல்லை. அப்படியே என் தோளில் சாய்ந்தார். அவ்வளவு கனமாக அவர் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு வாத்தியாரின் காரில் போட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். "எப்ப ஆரம்பிச்சது? கரெக்டா சொல்லுங்க, அத வச்சுதான் ஊசி போட முடியும்" என்று டாக்டர் கேட்டார்.

"மூணாவது தடவைங்க டாக்டர். மூணாவது முடியிற எடத்துல."

"என்ன மூணாவது? மணி சொல்லுங்க."

யாரோ ஒரு மாணவன் போனில் எடுத்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு கிட்டார் தம்பி ஓடிவந்தார். அதில் மணி இருந்தது. ஊசி போட நேரம் இருந்தது. அண்ணி அங்கே வந்து சேர்ந்தார். சுவரோரம் உட்கார்ந்து, அண்ணனின் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். பேச்சு மெல்லத் திரும்பியது. வலது கைதான் சொன்னதைக் கேட்கவில்லை. அறுவடை மிஷினில் வேறு டிரைவர் ஏறினார். கிட்டார் தம்பி கண் கலங்கி, "இனிமே நம்ம பேண்டுல தனியா வாசிக்கிறதே கிடையாதுண்ணே. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அன்றுவரை அவர் கட்சியில் இருந்த என்னால் அதற்கு ஆமாம் போட முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்து யோசித்துப் பார்த்தேன். அது பாட்டின் நடுவில் நடந்திருந்தால்? மேலே கிட்டார் கத்திக்கொண்டிருக்க, அடியில் நான் ஓட்டிக்கொண்டிருக்க, ஒரு சிம்பல் விழாததை யார் கவனித்திருப்பார்கள்? நாங்களே எங்கள் சத்தத்தால் அவரை மூடியிருப்போம். தனியாக விட்டதால்தான் அவர் கை நின்றது கேட்டது. இத்தனை வருடம் அதை ஒரு மனிதரை மாட்டிவிடுவது என்று நினைத்திருந்தேன். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ஒருவரை முழுசாகக் கேட்பதும் அதுதான் என்று அப்போது தோன்றியது. தோன்றியதே தவிர பயம் போகவில்லை. இன்றைக்கும் எங்காவது டிரம்ஸ் தனியாகக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இந்த வருடம் சம்பா அறுப்பு முடிந்த பிறகு அண்ணன் கோடவுனுக்கு வர ஆரம்பித்தார். பிசியோதெரபி டாக்டரே வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அண்ணியும் கூடவே வருகிறார். ஒயர் கூடையில் மாத்திரை, பிளாஸ்க், ஒரு துண்டு. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டைப் பாதி வாசித்த இடத்தில் அண்ணன் நிறுத்தச் சொன்னார். கிட்டார் தம்பி நிறுத்தினார். அண்ணன் தனியாக ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை. அடியில் ஒரே சுரத்தைச் சன்னமாகப் போட்டுக்கொண்டே இருந்தேன், நடை பழகும் பிள்ளைக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு போவதுபோல. அவர் விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா?

அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார்.

"டேய். கைய எடு."

"நீங்க வாசிங்கண்ணே. நான் சும்மாதான்…"

"இருக்கட்டுமேங்க, தம்பி பாட்டுக்கு ஏதோ வாசிச்சிட்டுப் போறாரு" என்றார் அண்ணி.

"இவன் கூடவே வந்தா நான் என்ன வாசிக்கிறேன்னு எனக்கே கேக்கல." நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் அவர் இப்போது பேசுகிறார். "கை வருதா, வரலியான்னு எனக்குத் தெரிய வேணாமா? எடுறா."

அண்ணியைப் பார்த்தேன். அவர் பிளாஸ்க்கின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சரி என்று தலையை ஆட்டினார்.

நாலு கம்பியையும் உள்ளங்கையால் அமுக்கினேன். கோடவுனில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். இடது கை பழையபடி உருண்டு வந்தது. வலது கை சிம்பலை நோக்கி மெதுவாக எழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நேரம் தாண்டிப்போனது. அதற்கும் பிறகு, பக்கத்து வீட்டில் யாரோ தட்டைக் கழுவிக் கவிழ்த்ததுபோல, சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

"லேட்டு" என்றார் அண்ணன். "இன்னொரு தடவ."

ஸ்டூலை இடது கையால் முன்னுக்கு இழுக்கப் பார்த்தார். அது நகரவில்லை. நான் எழப் போனேன். அண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டினார். கம்பிகளை அமுக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.