சலீம் பாயும் என் அம்பாசிடரின் பின்பக்கமும்

சலீம் பாய் போய்விட்டார்...

நேற்று ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்.

கள்ளக்குறிச்சியில் டிங்கர் பட்டறை வைத்திருந்தவர். அடிபட்ட வண்டிகளின் பாடியைத் தட்டி நேராக்குகிற வேலை. என் பழைய அம்பாசிடர் மூன்று வருஷமாக அவரிடம்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் போன் பண்ணினார். "சார், டிக்கிக்கு முடிவு பண்ட்டேன். சனிக்கெழம வாங்க."

என்ன முடிவு பாய் என்று கேட்டேன். "போன்ல சொன்னா இன்னாத்துக்கு ஆவும்? நேர்ல வந்து பாருங்க." வைத்துவிட்டார்.

இன்று சனிக்கிழமை. போனேன். அடக்கத்துக்கு.

கோபமாக வருகிறது. செத்தவர் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள்... என்னால் முடியவில்லை. மூன்று வருஷம் இழுத்தடித்த மனுஷன், முடிவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா?

விஷயம் தெரியாதவர்களுக்கு... அந்த அம்பாசிடரை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் உளுந்தூர்பேட்டையில் லாட்ஜ் நடத்தியவர். வெளிநாட்டுக் கார் மாதிரி இருக்கவேண்டும் என்று பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் தகரத்தில் நீளமாக வால் வைத்து, பஸ் லைட்டை மாட்டிவிட்டார். முன்னால் பார்த்தால் கலெக்டர் வண்டி, பின்னால் பார்த்தால் கல்யாண பேண்டு வண்டி.

முதல் நாளே பாயிடம் சொன்னேன். வாலை வெட்டி எறியுங்கள், கம்பெனியில் வந்த மாதிரி பழையபடி ஆக்கிக் கொடுங்கள். அவ்வளவுதான்.

பாய் வண்டியை மூன்று சுற்று சுற்றினார். "அவசரப்படாதீங்க சார். மலை ஏறும்போது பின்னாடி வர்றவனுக்கு டிக்கி மட்டுந்தான் தெரியும். அவன் ரெண்டு மணி நேரம் அதையே பாத்துகினு வரணும்."

கல்வராயன் மலையில் எனக்குப் பின்னால் வரப்போகிற யாரோ ஒருத்தனுக்காக என் வண்டி நின்றது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டவேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே 'ஓகே' என்று எழுதினால்தான் கட்டிங் மெஷினைத் தொடுவார்கள். என் வண்டியில் கோடு போட்டார், அழித்தார், போட்டார், அழித்தார்... ஓகே மட்டும் வரவே இல்லை.

ஒருநாள் அட்டைப்பெட்டியை வெட்டி, ஒரு பக்கம் ரவுண்டு லைட், இன்னொரு பக்கம் நீட்டு லைட் என்று ஒட்டினார். என்னைக் கச்சிராயபாளையம் வரை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, மொபெட்டில் பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின்னால் கரும்பு டிராக்டர், அதற்குப் பின்னால் டவுன் பஸ்.

நடுரோட்டில் மொபெட்டை நிறுத்திவிட்டு, பஸ் டிரைவரிடம் போய்க் கேட்கிறார். "அண்ணே, ரவுண்டா, நீட்டா?"

"நீ ஒதுங்கினா போதும் பாய், நான் போய்க்கினே இருப்பேன்."

பஸ்ஸுக்குள் ஓட்டெடுப்பே நடந்தது. ஒரு அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "ரெண்டும் நல்லால்ல" என்றார். பாய் அதைத்தான் சீரியஸாக எடுத்துக்கொண்டார். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

என் பெரிய மகள் கல்யாணத்துக்கு அந்த வண்டியில்தான் பெண்ணை அழைத்து வருவதாக இருந்தது. வரவில்லை. வாடகைக் கார்தான். பாய் மட்டும் கரெக்டாக வந்தார். பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, வாடகைக் காரின் பின்னால் போய் நின்று பார்த்து, "மொக்கையா கீது சார்" என்றார்.

அன்றைக்கு நிஜமாகவே கத்திவிட்டேன். வண்டியை விழுப்புரத்தில் வேறு டிங்கரிடம் எடுத்துப் போகிறேன் என்றேன்.

"எடுத்துகினு போங்க. அவன் இன்னா செஞ்சான்னு எனக்கு ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க."

இப்படிச் சொல்கிற ஆளிடமிருந்து எப்படி எடுத்துப் போவது?

இன்று அடக்கம் முடிந்து திரும்பும்போது, அவருடைய தம்பி கூடவே வந்தார். பாயோடு சேர்ந்து வேலை பார்ப்பவர். "வண்டிய ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க சார். வியாழக்கெழம முழுக்க அண்ணன் அதுங்கிட்டதான் நின்னுகினு இருந்தாரு."

ஷட்டரைத் தூக்கினார்.

இடது பக்கம் சாக்பீஸ் கோடு. வாலை அடியோடு எடுத்துவிட்டு, கம்பெனியில் வந்த அதே வளைவு. நான் முதல் நாள் சொன்னதேதான். கீழே பெரிதாக, ஓகே.

அட மனுஷா... இதற்கா மூன்று வருஷம்? அங்கேயே அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது பக்கம் போனேன்.

அங்கே வேறு கோடு. வாலைப் பாதியாகக் குறைத்து, நுனியில் ரவுண்டு லைட்டுக்கு ஒரு வட்டம். அதற்குக் கீழேயும்... ஓகே.

நானும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். எதற்கு ஓகே, எதற்கு இல்லை, இனி யாரிடம் போய்க் கேட்பது?

"அண்ணன் ஓகே போட்டா நாங்க மறுபேச்சு பேசனதில்ல சார்" என்றார் தம்பி. "நீங்க சொல்லுங்க. ரெண்டையும் அப்பிடியே வெட்டிர்றேன்."

வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆவணியில் சின்னவள் கல்யாணம். நண்பர்கள் எல்லோரும் வரவேண்டும். பெண் அந்த வண்டியில்தான் வருவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

போய் வாருங்கள் பாய். அங்கே யார் வண்டியையும் நிறுத்தி ரவுண்டா நீட்டா என்று கேட்காதீர்கள்.