ஹெம்ப் கயிற்றில் ஒரு தேர்

எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் என் கணவர் அதை ஹெம்பில் கொண்டுபோய் முடிப்பார். ஹெம்ப் என்பது போதை தராத கஞ்சா இனம். நாலு மாதத்தில் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். விதையில் வண்டிக்கு எண்ணெய், தண்டில் வீட்டுக்குச் சுவர், நாரில் துணி, கயிறு. பூமிக்கடியில் எண்ணெய் தீர்ந்துபோனாலும் இது அடுத்த வருடமும் முளைக்கும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இல்ஃபோர்டில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது மனப்பாடம். கலியாண வீடுகளில் எங்கள் மேசைக்கு யாரும் வருவதில்லை. நிம்மதியாகச் சாப்பிடலாம்.

போன வருடம் அம்மன் கோயில் தேரின் நைலோன் வடத்தை இழுத்து என் உள்ளங்கை உரிந்துபோனது. அவருக்கு அது போதும். நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, புது வடம் ஹெம்பில் செய்யவேண்டும் என்றார்.

"அம்மாளைக் கஞ்சாக் கயித்திலயோ இழுக்கிறது?" என்றார் பொருளாளர்.

என் கணவர் விளக்கத் தொடங்கினார். கூட்டத்துக்குப் பசி வந்தது. கடைசியில் தலைவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "சரி தம்பி, போடுவம். ஆனா என்ன செடியெண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சனத்துக்குத் தெரிஞ்சா அடுத்த வருசம் திரும்ப நைலோன்தான்."

பஸ் தரிப்பில் நிற்பவர்களுக்கே ஹெம்ப் வகுப்பு எடுக்கிற மனிதர், ஓம் என்று தலையாட்டினார். வடம் அறுந்தால் ஊர் சிரிக்கும். அறாவிட்டால் இவருடைய வாய் சும்மா இருக்காது.

தேரன்று மழை. முதல் இழுவையில் வடம் முறுகிச் சத்தம் போட்டது. நான் அம்மாளைப் பார்க்கவேயில்லை, வடத்தைத்தான் கும்பிட்டேன். தேர் அசைந்தது. சந்தியில் திரும்பி, வீதி சுற்றி, வாசலுக்கு வந்து சேர்ந்தது.

பக்கத்தில் இழுத்துவந்த அக்கா ஒருவர் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "தம்பி, இந்த முறை கை எரியவேயில்லை. நல்ல நைலோன், என்ன?"

என் கணவர் வாயைத் திறந்தார். மோர்ப் பந்தலிலிருந்து தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அக்கா, நல்ல நைலோன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரில் ஏறியதும் தொடங்கினார். நாரின் பலம், நனைந்தும் வழுக்காத விதம், தேரையே ஹெம்ப் எண்ணெயில் ஓட்டலாம் என்ற யோசனை. செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு வாசல் வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது.

"நிப்பாட்டாதேங்கோ," என்றேன். "இன்னொருக்கா சுத்தி வாங்கோ."