கானாங்கோழிக்கு நான் போட்ட வழி

பறவை பார்ப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. காம்பார் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஓடையில் வெண்மார்புக் கானாங்கோழி அடைகாப்பதாகக் கேள்விப்பட்டு, 1921 ஐப்பசியில் இரண்டு நாள் விடுப்பெடுத்து, ஈப்போவை அடுத்த சிலிபினிலிருந்து கிளம்பினேன். அங்கே போக நினைக்கிறவர்களுக்காக நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஈப்போவில் காலை ஏழேகாலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு அறுபது காசு. காம்பாரிலிருந்து மாட்டுவண்டியில் ஐந்து மைல். வண்டிக்காரர் நாற்பது காசு கேட்டு, முப்பத்தைந்துக்கு முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வழியெல்லாம் மழை. ரப்பர் விலை விழுந்ததில் தோட்டத்தில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். கூலிகளின் வீட்டு வரிசைகளான லயங்களில் பூட்டிய கதவுகள்தான் அதிகம். வாசலுக்கு வாசல் பூனைகள்.

கடைசி லயத்தில், பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் அருளப்பன் வீட்டில் தங்கினேன். ஊருக்குக் கப்பலேறுகிறவர்கள் தங்கள் பூனையை ஒரு படி அரிசியோடு, இருக்கிறவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அரிசி எப்போதோ தீர்ந்துவிட்டது. பதினொரு பூனைகள் அவர் வீட்டைச் சுற்றித் திரிந்தன. அவற்றில் சாம்பல் நிறப் பூனை, காய்ச்சலில் இறந்துபோன அவர் மகள் வளர்த்தது.

"துரைக்கும் இந்தப் பறவைன்னா ஆசை. பூனைங்க கூட்டைக் கலைக்குதுன்னு கோவமா இருக்காரு ஐயா. இன்னொரு கூடு போச்சுன்னா எல்லாத்தையும் சுடச் சொல்லியிருக்காரு" என்றார் அருளப்பன்.

ஓடைக்கு நாற்பது கெஜம் முன்னாலேயே என்னை நிறுத்தி, கோரைக்குள் தெரிந்த வெள்ளை மார்பைக் காட்டினார். "இங்கேருந்தே பாருங்க. நம்ம மிதிச்ச தடத்துலதான் பூனையும் வரும். கிட்ட மட்டும் போயிடாதீங்க."

மறுநாள் விடிந்ததும் அவர் பால்மரம் வெட்டப் போய்விட்டார். எனக்குக் கால் சும்மா இருக்கவில்லை. கோரையை விலக்கிக்கொண்டு கூடுவரை போனேன். தாய்ப்பறவை ஒதுங்கி நின்று கத்தியது. புள்ளி விழுந்த ஐந்து முட்டைகள். பார்த்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து மணிக்கு, புறப்படுமுன் இன்னொரு முறை பார்க்கலாமென்று போனால், என் தடம் முடிகிற இடத்தில் உடைந்த ஓடும் வெள்ளை இறகுகளும் கிடந்தன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். சேதி கேட்டு அருளப்பன் ஓடிவந்தார்.

"அந்தச் சாம்பல் பூனை என் மவ வளர்த்தது, அதை மட்டுமாவது விட்டுடுங்க" என்று கும்பிட்டார்.

கிராணி என்னைப் பார்த்தார். "நீங்க உள்ளே போனீங்களா?"

"இல்லை" என்றேன்.

பதினொன்றையும் சுட்டார்கள். அருளப்பன் என் பையைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை வந்தார். "பறவை பார்க்க வந்த எடத்துல இப்படி ஆயிப்போச்சே, மனசுல வச்சுக்காதீங்க ஐயா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வெட்கத்தில் குன்றிப்போனேன்.

போகிறவர்கள் அட்டைக்கடிக்குப் புகையிலை கொண்டுபோங்கள். கூட்டுக்கு நாற்பது கெஜம் தள்ளியே நில்லுங்கள். கடைசி லயத்தில் அருளப்பனைப் பார்த்தால், அன்று கோரைக்குள் போனது நான்தான் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.